பொட்டு நாலு விரல் தள்ளி

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. உங்க வண்டியை மேடையில ஏத்த இன்னும் அரை மணி நேரம் ஆகும். பத்ருதீன் பாய் இப்ப என்ற வண்டியைத்தான் பாத்துட்டிருக்காரு. அதா, அந்த வெள்ளைக் காரு. எண்பத்தொன்பது மாடலுங்க. இதெல்லாம் இன்னுமா ஓடுதுன்னு கேட்டுடாதீங்க, கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்குது. ஓடுது. கோபியிலிருந்து ஈரோட்டுக்கு இப்ப அதுலதான் வந்தேன்.

நான் ரிப்பேருக்கு வரலீங்க. எழுதி வாங்க வந்திருக்கேன். இந்த வண்டியைப் போன ஐப்பசியில இடிச்சுக் கொண்டாந்தாங்க, நான் பழுது பாத்துக் குடுத்தேன்னு பாய் ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி, கடை சீல் குத்திக் குடுக்கணும். அவ்வளவுதான் நான் கேட்டது. அவரு, மொதல்ல வண்டியைப் பாத்துடறேனுங்க அய்யான்னு மேடையில ஏத்திட்டாரு. பாக்கட்டும். நாளைக்குக் காலைல அந்தத் தாளை என்ற மாப்பிள்ளை வீட்டுல, ஒறம்பரை சனம் அத்தனை பேரும் கூடியிருக்கறப்ப, சம்மந்தி கையில குடுக்கப் போறேன்.

இருங்க, இருங்க. நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். முழுசாச் சொல்லி முடிச்சுக்கறேன், அப்பறம் பேசுங்க.

என்ற பேரு சென்னியப்பன். சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்தி நாலு வருஷம் சங்கிலி புடிச்சு நெலம் அளந்தவனுங்க. வரப்பு ஒரு சாண் கோணிப் போயிருந்தா, ரோட்டுல நின்னுட்டே சொல்லிப்போடுவேன். அப்பேர்ப்பட்டவன்கிட்ட வந்து, உங்க கண்ணுக்குத்தான் கோணலாத் தெரியுது, வண்டி நேராத்தான் இருக்குதுன்னு சொன்னா எப்படி இருக்கும்? ஒருத்தன் இல்ல, மூணு மெக்கானிக் சொன்னான். கோபியில ரெண்டு பேரு, சத்தியில ஒருத்தன். மூணு பேருக்கும் மாப்பிள்ளை போன் பண்ணிச் சொல்லி வெச்சிருப்பாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

விஷயம் இதுதான். இந்த வண்டியை நான் தொண்ணூத்தி நாலுல வாங்கினேன். அன்னியிலிருந்து வருஷம் தவறாம ஆயுத பூஜை உண்டு. எங்க வழக்கம் எப்படின்னா, வாசல்ல பூஜை போட்டு, முன்சக்கரம் ரெண்டுக்கும் அடியில எலுமிச்சங்காய் வெச்சு நசுக்கி, நேரா பிள்ளையார் கோயிலுக்கு ஓட்டிட்டுப் போயிடுவோம். வண்டியைக் கோயில் முன்னாடி ரோட்டுக்கு நேரா நிறுத்தினதும், குருக்கள் வந்து ஸ்டியரிங் உச்சியில சந்தனம் கொழைச்சுப் பொட்டு வெச்சு, அது மேல குங்குமம் வெப்பாரு. அந்தப் பொட்டை அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் துடைக்கக் கூடாது. காய்ஞ்சு உதிந்தா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதே இடத்துல நான் புதுசா வெச்சுடுவேன். அதனால ஒண்ணு பாருங்க, வண்டி நேராப் போறப்ப பொட்டு உச்சியில இருக்கும். நான் ஸ்டியரிங்கைப் பாக்கறதில்ல, பொட்டைத்தான் பாப்பேன். முப்பது வருஷமா பொட்டைப் பாத்துத்தான் வண்டி ஓட்டறேன்.

போன புரட்டாசியிலயும் அதே மாதிரிதான் நடந்துச்சு. என்ன, எலுமிச்சங்காய்தான் கொஞ்சம் விளையாட்டுக் காட்டிருச்சு. வலது பக்கத்துது சப்புன்னு நசுங்கிருச்சு. இடது பக்கத்துது வழுக்கி, உருண்டு போயிருச்சு. என்ற சம்சாரம் தெய்வானை, போனாப் போகுது, வேற ஒண்ணு வெச்சுக்கலாம்னா. அதெப்படிங்க விடறது? பூஜையில வெச்ச காய் நசுங்காம ஓடினா அந்த வருஷம் வெளங்குமா? ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சு, ஒரு அழுத்து அழுத்தித் துரத்தினேன். அது போய் எங்க கேட்டு மூலைக் கல்லோரமா ஒதுங்கிச்சு. விடுவனா? அங்கயே வெச்சு நசுக்கிட்டேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்னுச்சு. முழுக்காய் நசுங்கினா அப்படித்தான் குலுங்கும். அப்பறம் அப்படியே கோயிலுக்குப் போயி, பொட்டு வெச்சுட்டு வந்தோம்.

என்னங்க? இல்ல, நீங்க ஏதோ கேக்க வந்தீங்க. அப்பறம் கேளுங்க, நான் விட்டா மறந்துடுவேன்.

அந்த மூலைக் கல்லு நானே நட்டதுங்க. லாரிக்காரனுக எங்க மூலையில வளைக்கறப்ப சொவத்தை ஒரசிட்டுப் போறாங்கன்னு, ஒன்னரை அடிக் கல்லு நட்டு, வெள்ளையும் காவியும் பட்டை பட்டையா அடிச்சு வெச்சிருக்கேன். அது ரோட்டுக்குள்ள நீட்டிட்டிருக்குதுன்னு எதிர்த்த வீட்டுக்காரன் சொல்லுவான். அளந்து நட்டவன் நான், அவனுக்கென்ன தெரியும்? பாருங்க, ஆயுத பூஜைக்கு மறுநாள் பாத்தா, கல்லுல காவியும் வெள்ளையும் ஒரு சாண் அகலத்துக்குப் பேந்து போய்க் கெடக்குது. ராத்திரி எவனோ லாரிக்காரன் இடிச்சிருக்கான். ஊர்ல ஒருத்தனுக்கும் ஓட்டத் தெரியறதில்ல. நான் மறுபடி காவி கரைச்சு அடிச்சு வெச்சேன்.

சரி, மாப்பிள்ளைக்கு வர்றேன். என்ற பொண்ணு கோகிலவாணி. ஒத்தைப் பொண்ணு. போன வைகாசியில கல்யாணம். மாப்பிள்ளை பேரு நந்தகோபால், இங்க ஈரோட்டுல பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் சொல்லிக் குடுக்கறாரு. போர்டுல வண்டி வரையறவருங்க. போர்டுல வரைஞ்ச வண்டி எங்கயும் இடிக்காது பாருங்க, அதான் அவருக்கு அந்த தைரியம்.

தலைத் தீவாளிக்கு வந்தாங்க. நோம்பியெல்லாம் நல்லாத்தான் போச்சு. மூணாம் நாள் காலைல மாப்பிள்ளை, மாமா, வண்டியைக் குடுங்க, ஊருல அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், ரெண்டு நாள்ல கொண்டாந்து விட்டுடறேன்னாரு. என்ற வண்டியை நான் ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. கூடப் பொறந்த தம்பிக்கே குடுத்ததில்ல. மாப்பிள்ளைங்கறதுனால, மறுக்க முடியாம, சாவியைக் குடுத்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு வந்து நிறுத்தினாரு. வீட்டுல என்ற மச்சினன் குடும்பம், பக்கத்து வீட்டுக்காரங்க, எல்லாரும் இருந்தாங்க. நான் வண்டியை எடுத்து ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு ரோட்டுல ஏறினேன். ஏறி நேராப் போறேன், பொட்டு உச்சியில இல்ல. இடது பக்கமா நாலு விரல் தள்ளி நிக்குது. பொட்டை உச்சிக்குக் கொண்டாந்தா வண்டி வலது பக்கம் ஓடுது. வண்டியை நேரா விட்டா பொட்டு இடது பக்கம் ஓடுது. சின்னக் கொழந்தைக்குக் கூடத் தெரியுங்க, இடிச்சிருக்காங்கன்னு.

வந்து எறங்கி, வாசல்ல வெச்சே கேட்டேன். எங்க மாப்பிள்ளை இடிச்சீங்கன்னு. இல்லீங்க மாமா, நான் வந்துன்னு ஆரம்பிச்சாரு. நீங்க வந்தது எனக்குத் தெரியுது, வண்டி எங்க போய் முட்டுச்சு, அதைச் சொல்லுங்கன்னேன். மாமா, ஸ்டியரிங் மொதல்லயேன்னு என்னமோ இழுத்தாரு. மொதல்ல என்ன மொதல்ல? முப்பது வருஷமா என்ற கையில நேரா ஓடின வண்டி உங்க கையில ரெண்டு நாள்ல கோணிருச்சு, தப்புப் பண்ணினா ஒத்துக்கணும், படிச்சவரு பொய் பேசக் கூடாதுன்னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். மச்சினன் குடும்பம் பூராவும் பாத்துட்டிருந்தாங்க.

அவரு வாசப்படியை விட்டு எறங்கினாரு. செருப்பை மாட்டினாரு. கோகிலா போலாமான்னாரு. என்ற பொண்ணு சோத்துத் தட்டை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. ரெண்டு பேரும் பஸ்ஸேறிப் போனாங்க.

இப்ப பங்குனி. அஞ்சு மாசமாச்சு. பொங்கலுக்கு வரல. நான் போன் பண்ணினா அவ எடுப்பா, நல்லா இருக்கறேன்பா, சாப்பிட்டேன்பான்னு சொல்லுவா, அவ்வளவுதான். ஒருக்கா மட்டும், அப்பா, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அவரு சொல்றதைக் கேளுங்கன்னு ஆரம்பிச்சா. புருசனுக்கு வக்காலத்து வாங்காதேன்னு போனை வெச்சுட்டேன். தெய்வானையும் அந்தப் பக்கந்தான். ஒரு வீட்டுல இருந்துட்டு எனக்குச் சோறு போடறா, ஆனா பேசறதில்ல. வண்டி என்றது, கோணினது என்ற வண்டி, நாயம் என்ற பக்கம், ஆனா கெட்ட பேரு எனக்கு.

இதுல ஒரு கூத்துக் கேளுங்க. மூணு மெக்கானிக்கு பாத்தான்னு சொன்னேன்ல. ஸ்டியரிங்குக்குக் குறுக்கா ஒரு பட்டை இருக்கும். சக்கரம் நேரா நிக்கறப்ப அந்தப் பட்டை மட்டமா நிக்கணுமாம். மட்டமாத்தான் நிக்குது பாருங்க அய்யான்னு மூணு பேரும் பட்டையைக் காட்டறான். பட்டையை யாருங்க பாக்கறது? நான் பொட்டைக் காட்டறேன், அவன் பட்டையைக் காட்டறான். சத்திக்காரன் அதுக்கும் மேல போயி, என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு, கையை விட்டுட்டே அரை கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினான். வண்டி நூல் புடிச்ச மாதிரி போச்சு. முட்டியில ஒரு அணை குடுத்து ஓட்டியிருப்பான், என்னை ஏமாத்த முடியுமா? பேசாம ஸ்டியரிங்கைக் கழட்டி, பொட்டு உச்சிக்கு வர்ற மாதிரி திருப்பி மாட்டித் தாடான்னேன். அப்படிப் பண்ணினா பட்டை கோணிரும், வளைஞ்சு முடிச்சா சிக்னல் தானா அணையாது, நான் மாட்டேன்னு கும்பிடு போட்டுட்டான்.

நாளைக்கு என்னன்னு சொல்லலியே. நாளைக்குக் கட்டுச்சோறுங்க. கோகிலாவுக்கு ஏழாம் மாசம். எங்க பக்கத்துல பொண்ணு வீட்டுக்காரங்க வகை வகையாச் சோறு ஆக்கிக் கட்டி எடுத்துட்டுப் போயி, மாப்பிள்ளை வீட்டுல விருந்து வெச்சு, பொண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டியாருவோம். மேல் ரூமுக்கு வெள்ளையடிச்சு, தொட்டிலுக்குக் கொக்கி அடிச்சு வெச்சிருக்கேன். நாலு மூலையிலிருந்தும் அளந்து, நட்ட நடுவுல அடிச்சிருக்கேன். போன வாரம் அவ போன் பண்ணி என்ன சொல்றா தெரியுங்களா? அப்பா, சோறு கட்டிட்டு வாங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா வர்றதுக்கு முன்னால அவருகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. பேசலீன்னா நான் உங்க கூட வர மாட்டேன், இங்கயே பெத்துக்கறேன்னு சொல்லிட்டா.

என்ற வீட்டுல பொறக்க வேண்டிய கொழந்தைங்க. நான் தப்பே பண்ணாம நான் போய்க் கெஞ்சணுமா? ஒரு வாரமாத் தூக்கமில்ல.

இன்னிக்குக் காலைல நாளைக்குப் போறதுக்காக வண்டியைத் துடைச்சு, இன்சூரன்ஸ் தாள் இருக்குதான்னு ஆர்.சி. புக்கு கவரைத் தொறந்தேன். உள்ள நாலா மடிச்சு ஒரு பில்லு. பத்ருதீன் பாய் கடை பில்லு, தீவாளிக்கு மூணாம் நாள் தேதி. இடது டை ராட் மாத்தம். இடது முன் ரிம் மாத்தம். அலைன்மென்ட். அகப்பட்டாருல்ல? டை ராட்டுன்னா ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் சேக்கற கம்பி, ரிம்முன்னா டயர் மாட்டற இரும்பு வளையமுங்க. இடிக்காத வண்டிக்கு எதுக்குங்க கம்பியும் ரிம்மும் மாத்தறாங்க? அதுவும் நேரத்தைப் பாருங்க. எட்டரை மணிக்கு என்ற வாசல்ல வண்டியை எடுத்தாரு. பில்லுல பத்து மணின்னு போட்டிருக்குது. கோபியிலிருந்து ஈரோடு வர்றதுக்கே ஒரு மணி நேரம். அப்ப எடுத்த சூட்டோட இடிச்சு, எடுத்த சூட்டோட இங்க கொண்டாந்திருக்காரு. தெய்வானைகிட்ட பில்லைக் காட்டினேன். அவ வாங்கிப் பாத்துட்டு, என்னையும் பாத்துட்டு, உள்ள போயிட்டா. நான் நேரா இங்க வந்துட்டேன்.

நீங்க என்னமோ அப்ப இருந்து சொல்ல வர்றீங்க. ஒரு நிமிசம். பாய் கூப்பிடறாரு. எழுதிட்டாருன்னு நெனைக்கறேன். வந்துடறேன்.

கொஞ்சம் நகந்துக்கறீங்களா. நான் உக்காந்துக்கறேன்.

இல்லீங்க, தண்ணி வேண்டாம்.

பாய் டிக்கியைத் தொறந்து காட்டினாரு. ஸ்டெப்னி சக்கரத்தை வெளிய எடுத்து, திருப்பி நிறுத்தினாரு. பழைய ரிம்மு, கெட்டியா இருக்குது, ஸ்டெப்னிக்கு ஆகும்னு அன்னிக்கு இவருதான் அதுல போட்டாராம். நான் இந்த அஞ்சு மாசத்துல ஸ்டெப்னியை எடுத்தே பாக்கல. ரிம்முல ஒரு பக்கம் நெளிஞ்சிருக்குது. நெளிஞ்ச எடத்துல வெள்ளையும் காவியும் ஒட்டிட்டிருக்குது. பட்டை பட்டையா. அந்தக் காவி நான் கரைச்சது. எனக்குத் தெரியாதுங்களா.

ஆமா. நீங்க எலுமிச்சங்காய் சொன்னப்பவே கேக்க வந்தீங்க. அப்பவே உங்களுக்கு வெளங்கிருச்சு. நான் பேச விடல.

பாய்க்கு மாப்பிள்ளை நல்லா ஞாபகம் இருக்காரு. வண்டியை எடுத்து ரோட்டுல ஏறினதுமே ஸ்டியரிங் பட்டை வலது பக்கம் கோணி நிக்கறதைப் பாத்துட்டாராம். கல்லுல ஏறி ஸ்டியரிங் கோணின பொறகுதான் குருக்கள் அது உச்சியில பொட்டு வெச்சிருக்காரு. நேரா இங்க கொண்டாந்திருக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்துலயும், அப்பாவைப் போன்ல ஆட்டோ புடிச்சுப் போகச் சொல்லிட்டு இங்க உக்காந்திருக்காரு. இந்த நாற்காலியில. மாமா எங்கயோ கல்லுல ஏத்தியிருக்காரு, அவருக்கே தெரியாது போல, இந்த வயசுல தெரிஞ்சா சங்கடப்படுவாரு, சத்தமில்லாம நேர் பண்ணிக் குடுங்க பாய்னு சொன்னாராம்.

அப்பறம் பாய் ஒண்ணு சொன்னாருங்க. அதுதான் என்னால தாங்க முடியல. வேலை முடிஞ்சதும் பாய் துணியை எடுத்து, தம்பி, பட்டை மட்டத்துக்கு வந்துருச்சு, பொட்டு ஓரமாப் போயிருச்சு, துடைச்சு விடட்டுமான்னு கேட்டிருக்காரு. வேண்டாம் பாய், அது மாமா கோயில்ல வெச்ச பொட்டு, நாம கை வெக்கக் கூடாதுன்னு மாப்பிள்ளை சொல்லியிருக்காரு.

துடைச்சிருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சே இருக்காது. அவரு மரியாதைக்கு விட்டு வெச்ச பொட்டை வெச்சுத்தான் நான் அவரைப் பொய்யன்னு சொன்னேன். மச்சினன் குடும்பத்துக்கு முன்னால. அவரு ரெண்டு தடவை சொல்ல வந்தாரு. ரெண்டு தடவையும் நான் வாயை அடைச்சேன். என்ற மேல எனக்கு வர்ற கோவத்துக்கு, அந்தக் கல்லைப் பேத்து எறியணும் போல இருக்குது.

நான் இங்க வந்தது மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் பாய்னு கேட்டேன். சிரிச்சுட்டாரு. அன்னிக்கு அவரும் இதையேதான் அய்யா கேட்டாரு, நான் யாருக்குன்னு ரகசியத்தைக் காப்பாத்தறதுன்னாரு.

நீங்க கேட்ட தாளை எழுதட்டுமான்னும் கேட்டாரு. வேண்டாம்னுட்டேன்.

நீங்க உக்காருங்க, எந்திரிக்காதீங்க. உங்க முன்னாடியே பேசறேன். தனியாப் போனா பேச மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். நம்பரு இருக்குது, அஞ்சு மாசமா அமுத்தலை. இதா, மணி அடிக்குது.

மாப்பிள்ளை. நான்தானுங்க, மாமா. கோபி மாமா.

இல்லீங்க, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வண்டிக்கும் ஒண்ணுமில்ல. வண்டி நேராத்தான் ஓடுது மாப்பிள்ளை. ஐப்பசியிலிருந்தே நேராத்தான் ஓடிட்டிருக்குது. கோணலா ஓட்டினது நான். நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலயும் இதைச் சொல்லுவேன்.

மாப்பிள்ளை, இருக்கீங்களா?

அன்னிக்கு வாசல்ல என்னமோ சொல்ல வந்தீங்க. இப்பச் சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்.